முருக்கு மரத்தில் ஓர் ஆகாயக்கப்பல்

என் வயதை ஒத்தவர்களே, உங்களுடைய முதல் ஆகாயக்கப்பல் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போயிருக்கும். சோற்றுக் கையோடு வெளியே ஓடியிருப்பீர்கள். அது மறைந்த பிறகும் அண்ணாந்தபடியே நின்றிருப்பீர்கள். எனக்கு அப்படி வாய்க்கவில்லை. என்னுடைய முதல் ஆகாயக்கப்பல் ஓலைப்பாயில் மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றுக்குச் சாயம் பூசியவள் நான். சுறா நெய்யும் முந்திரித் தோட்டு எண்ணெயும் கரியும் கலந்த ஒரு நெடி அதற்கு. நெற்றி முடி நரைத்துவிட்ட இப்போதும் வானத்தில் இரைச்சல் கேட்டால் நான் நிமிர்வதில்லை. விரல் நுனியை முகர்ந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லை, சோப்பு வாசனைதான். ஆனாலும் முகர்கிறேன்.

அப்பாவை எனக்குத் தெரியாது. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவர் சண்டைக்குப் போனார். ஜெர்மன்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்ட அந்தப் பெரிய சண்டை. அப்பா துப்பாக்கி பிடிக்கப் போகவில்லை. எங்கள் கடற்கரையில் தோணிகளுக்குப் பாய் தைப்பது அவர் தொழில். படகு வலிக்கவும் மூட்டை தூக்கவும் கயிறு பிணைக்கவும் ஆள் வேண்டும் என்று வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். போன இடத்துக்கு ஊரில் ஒரே பெயர்தான், அரபுக்கரைத் துறைமுகமான பசரா. பசராவுக்கு என்று ஏற்றியவர்களை எந்தெந்தக் கரையிலோ, எந்தெந்த மணல்காட்டிலோ இறக்கினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஊருக்கு அது வேண்டாத விவரம். போய் வராத இடமெல்லாம் பசரா.

திரும்பி வந்தவர் ஒருவர்தான். அவருக்குப் பசராக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. பிறகு கொல்லம் துறையில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருநாளுக்கு வருவார். வந்ததும் அம்மை அவரைத் தேடிப் போவாள், என்னையும் இழுத்துக்கொண்டு. அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். ஆகாயக்கப்பலின் றெக்கை துணியால் ஆனது. கிழிந்தால் தைக்க வேண்டும். பாய் தைத்த கை என்று அப்பாவை ஆகாயக்கப்பல் முகாமில் உட்காரவைத்துவிட்டார்கள். "நான் கப்பலேறும்பம் அவன் தைச்சிட்டிருந்தான் பிள்ளே." சொல்லி முடித்ததும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடத் தொடங்கிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மை வீட்டுக்கு வருவாள். அடுத்த திருநாள் வரைக்கும் அது போதும் அவளுக்கு.

எங்கள் கோயிலில் நிற்பவர் தேவதூதர் மிக்கேல், எங்கள் வாயில் மிக்கேல் சம்மனசு. றெக்கை விரித்து, பிசாசைக் காலில் மிதித்துக்கொண்டு. அவர் தலைக்கு மேலே உத்தரத்தில் குட்டிக் குட்டிக் கட்டுமரங்களும் வள்ளங்களும் கயிற்றில் தொங்கும். கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்காக வீட்டார் நேர்ந்து தொங்கவிடுவது அது. அதற்கு முறை உண்டு. எதில் போனானோ அதையே செய்து வைக்க வேண்டும். கட்டுமரத்தில் போனவனுக்குக் கட்டுமரம். கொழும்புத் தோணியில் போனவனுக்குத் தோணி. அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் சம்மனசு தேடப் போவார். தொங்கவிட்டதை அப்புறம் யாரும் இறக்கக் கூடாது. காணாமல் போனவன் வந்து சேர்ந்தால் அவனே ஏணியில் ஏறித் தன் கையால் அவிழ்ப்பான். நான் பார்க்க யாரும் அவிழ்த்ததில்லை.

அப்பா ஏறிப்போன புகைக்கப்பலை அம்மையின் அண்ணன், என் மாமன், செய்து கொடுத்திருந்தார். புகைக்குழாய்க்கு மூங்கில் துண்டு. அதற்குள் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. அடுத்த வருடமும் பொரித்தது. அப்பா வரவில்லை.

சண்டை ஓய்ந்து சில வருடம் கழித்து வந்த அந்த ஆனி மாதம் கடல் சுவர்போல எழும்பி நின்றது. கட்டுமரங்களை மேட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆண்கள் வலையின் கிழிசலை முடிந்தார்கள், முடிய ஒன்றும் இல்லாதபோது ஒருவரையொருவர் வம்புக்கிழுத்தார்கள். மாமன் எங்கள் வீட்டு வாசலில் வந்து குந்தினார்.

"ஏட்டி, இன்னும் எத்தன வருசம்? செத்தவனுக்குப் பூச வைக்கலேண்ணா அவனுக்க ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேவும். ஒனக்குப் பாவம் தெரியல்லியா?"

"உயிரோட இருக்கப்பட்டவருக்குச் சாவுப்பூச வைக்கது பாவம் இல்லியா?"

"உயிரோட இருந்தா வரமாட்டானா?"

"வழி தெரியாண்டாமா அண்ணா? நாமதானே சம்மனசுக்குத் தப்பான அடையாளம் குடுத்தோம். கப்பலு அவர எறக்கி விட்டுட்டுப் போயாச்சு. சம்மனசு அந்தக் கப்பலுக்குப் பெறவே சுத்திட்டிருக்காரு. அவரு இப்பம் ஆகாயக்கப்பலுக்க கீழயில்லா இருந்து தைக்காரு!"

மாமன் வாயிலிருந்த புகையிலைச் சாற்றைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார். இருமி ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார். ஆகாயக்கப்பல் செய்து தருகிறேன். திருநாளுக்குத் தொங்கவிடுவோம். அதற்குப் பிறகு வருகிற ஆத்துமாக்கள் திருநாளுக்குள் அவன் வரவில்லை என்றால் அவனைச் செத்தவர்களோடு சேர்த்துப் பூசை வைத்து, அம்மை கழுத்தில் தாலியாகக் கிடக்கும் மின்னைக் கழற்றிவிட வேண்டும்.

"பேச்சு மாறப்பிடாது."

"மாறமாட்டேன்," என்றாள் அம்மை, மின்னைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு.

இனி ஆகாயக்கப்பல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். எங்கள் கரையில் அதைக் கண்டவர் பசராக்காரர் ஒருவர். அவரோ கொல்லத்தில்.

அம்மை மழைக்காலத்தில் கருவாடு சுமந்து புதுக்கடைப் பக்கம் விற்கப் போவாள், நானும் கூடப் போவேன். அங்கே ஒரு மிஷன் பள்ளி வாத்தியார் வீடு. வாத்தியாரம்மா அடுப்படிச் சுவரில் கரிபடியாமல் இருக்க இங்கிலீஷ் படத்தாள்களை ஒட்டி வைத்திருந்தாள். சீமை ராணி, குதிரைகள், பிஸ்கோத்துப் பெட்டி, அவற்றுக்கு நடுவே ஓர் ஆகாயக்கப்பல். அம்மை கருவாட்டுக் கடவப்பெட்டியை இறக்காமலே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்குட்டி ஒனக்கு?"

"நேர்ச்சைக்கு அம்மா."

"ஒங்க கோயில்ல இதெல்லாமா தொங்கவிடுதிய? நல்ல கூத்து! நாங்க படத்தக் கும்பிடமாட்டோம் கேட்டியா, செவுத்துல ஒட்டுவோம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் கஞ்சித் தண்ணீரைச் சூடாகத் தொட்டுத் தொட்டு அவளேதான் அந்தத் தாளை உரித்துக் கொடுத்தாள். கீழே அச்சடித்திருந்த எழுத்துள்ள கீற்று மட்டும் சுவரோடு நின்றுவிட்டது. அது யாருக்கு வேண்டும். வாத்தியார் வீட்டில் இல்லை. அம்மை தாளைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, காலிக் கடவத்தை என் தலையில் மழைக்குக் கவிழ்த்துவிட்டு, வழி நெடுக ஓடாத குறையாக நடந்தாள்.

வீட்டில் தாளைச் சுடுபானை மேல் போட்டு உலர்த்தினார்கள். புகை போலிருந்த படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு றெக்கை. முகத்தில் ஒரு விசிறி. சக்கரத்தின் அருகே தொப்பி வைத்த ஓர் ஆள். றெக்கையின் இரு முனையிலும், வாலிலும், வெள்ளைக் கரை கட்டிய கறுப்புச் சிலுவை.

"அண்ணா, குருசு! றெக்கையில குருசு போட்டிருக்கு, பாத்தியா!"

மாமன் தலைக்கட்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார். "வெள்ளக்காரனும் வேதக்காரன்லா ஏட்டி. அவன் குருசு போடாம பின்ன கோழியா வரைவான்?"

அம்மை அழுதாள். அப்பாவைக் கண் காணாத தேசத்தில், ஆசாரம் தெரியாதவர்கள் நடுவில் விட்டுவிட்டோம் என்பது அவள் உள்ளே அரித்துக்கொண்டிருந்த ஒன்று. இப்போது தெரிந்துவிட்டது. அவர் சிலுவைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அளவு எடுப்பதில் மாமனுக்கு ஒரு வழி உண்டு. ஈர்க்கிலை ஒடித்து, படத்தில் நின்ற தொப்பிக்காரனின் உயரத்துக்கு நறுக்கினார். கடலின் ஆழத்தையே ஆள் கைவிரிக்கிற பாகத்தால் அளக்கிறவர், ஆகாயத்துக்கு வேறு கணக்கா தேடுவார்? அந்த ஆள் எத்தனை தடவை படுத்தால் கப்பலின் நீளம், எத்தனை தடவை நின்றால் உயரம் என்று ஈர்க்கிலைப் புரட்டிப் புரட்டி வைத்துப் பார்த்தார். பிறகு அந்த ஆளைப் பெரிதாக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என் கையைப் பிடித்தார்.

"விரல நீட்டு மக்கா. நீதான் ஆளு."

என் நடுவிரலை ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தக்கபடி வெட்டினார். றெக்கை அகலத்துக்கு விரல். சக்கரத்துக்கு விரல். ஆள் உட்காரும் குழிக்கு விரல். விளையாடப் போனால் கூப்பிடுவார், "ஏய், அப்பன எங்க கொண்டு போற? இஞ்ச கொண்டா!" அந்த மழைக்காலம் முழுக்க என் நடுவிரல் அப்பாவாக இருந்தது. சோறு உண்ணும்போது அந்த விரலில் குழம்பு படாமல் பார்த்துக்கொண்டேன்.

உடம்பு முருக்கு மரம். வேலியில் முள்ளோடும் சிவந்த பூவோடும் நிற்குமே, அதுதான். வெட்டிக் காயவிட்டால் கட்டை கையில் இருப்பதே தெரியாது. அழுத்தினால் நகம் பதியும். மாமன் கை கட்டுமரத்துக்குப் பழகிய கை. மூக்கை அவரையறியாமல் கட்டுமரம் போலவே மேலே வளைத்துவிட்டார். அம்மை படத்தை நீட்டிச் சண்டை போட்டாள். "அல வந்தா ஏறாண்டாமா?" என்றார். வாலைப் பார்த்ததும் "இது சுக்கான்" என்று சந்தோஷப்பட்டார். இரட்டை றெக்கையைப் பார்த்து, "பாய்க்கு மேல பாய். கள்ளப்பயலுவ, எல்லாம் நம்மகிட்டருந்து படிச்சதுதான்." றெக்கைகளுக்கு நடுவே படத்தில் சில கம்பிகள் இருந்தன. மாமன் வலைநூலை முறுக்கிக் கட்டத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். கடைசியில் அது காற்றில் பறக்கிறதா, காற்றிடமிருந்து தப்பிக்கக் கட்டிப்போட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

அக்கம்பக்கத்துப் பையன்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "மாமா, இது மீன் பிடிக்குமா?"

"ஒன்னப் பிடிச்சிட்டுப் போவும். ஓடுலே!"

சக்கரத்துக்குச் சிரட்டையை வட்டமாக நறுக்கித் தேய்த்தோம். விசிறிக்குப் பனைமட்டைச் சீவல். ஊதினால் சுற்றும். ஊதி ஊதி எனக்கு மயக்கம் வந்தது.

றெக்கைக்குத் துணி வேண்டும் என்றபோது அம்மை பெட்டியைத் திறந்து அப்பாவின் வேட்டியை எடுத்தாள். அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். நான் அதுவரை அதைத் தொட்டதில்லை. கத்தரி வைத்து ஒரே இழுப்பில் நறுக்கினாள்.  ஈர்க்கில் சட்டத்தின்மேல் துணியை இழுத்து, பாய்க்குப் போடும் இரட்டைத் தையலை, எறும்பு ஊர்வதுபோல, கண்ணை ஒட்டவைத்துத் தைத்தாள். "இப்பிடித்தான் தைச்சிட்டிருப்பாரு," என்றாள். ஒவ்வொரு றெக்கைக்கும் சொன்னாள். புளியங்கொட்டைப் பசை பூசி வெயில் எட்டிப்பார்த்த நேரமெல்லாம் காயவைத்தோம். காய்ந்த துணியை விரலால் சுண்டினால் தம்பட்டம் போல் பேசியது.

ஆள் உட்காரும் குழிக்குள் ஒரு பொம்மை வைக்கலாம் என்றேன். அம்மை பதறிவிட்டாள். "வேண்டாம் பிள்ளே. சும்மா கெடக்கட்டு. அவரு ஏறி வரணுமில்லா?"

சாயத்துக்கு என்ன நிறம் என்று படம் சொல்லவில்லை. காய்ந்த வாளைக் கருவாட்டு நிறம் என்று பசராக்காரர் எப்போதோ சொன்னது அம்மைக்கு நினைவிருந்தது. காவி, மஞ்சள், சுண்ணாம்பு, சுறா நெய். குழைத்துக் குழைத்து, ஒரு கருவாட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அந்த நிறத்தைப் பிடித்தோம். அந்தக் கருவாட்டை அன்றே சுட்டுத் தின்றோம்.

சிலுவைகள் என் வேலை. மாமன் கை கத்திக்குத்தான் அடங்கும், தூரிகைக்கு நடுங்கும். தாழை விழுதின் நுனியை நசுக்கித் தூரிகை. சிரட்டைக் கரியை முந்திரித் தோட்டு எண்ணெயில் அரைத்துக் கறுப்பு. கட்டுமரத்தைப் புழு அரிக்காமல் பூசுகிற எண்ணெய் அது. பட்ட இடம் வெந்துபோகும். என் விரல்களில் தோல் உரிந்தது. அப்பாவாக இருந்த விரல்தான் மோசம். படத்தில் மேல் றெக்கையிலும் வாலிலும் மட்டும் சிலுவை தெரிந்தது. அம்மைக்கு அது போதவில்லை.

"கீழ நிண்ணு பாக்கவங்களுக்குத் தெரியாண்டாமா? அடியிலயும் போடு. பெருசாப் போடு."

மல்லாத்திப் போட்டு, வயிற்றிலும் றெக்கையின் அடியிலும் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு. அவ்வளவு நேரான கோடுகளை அதற்குப் பிறகு என் கை இழுத்ததில்லை.

கோயிலில் பூசை வைக்கும் சாமியார் முதலில் முகம் சுளித்தார். கொச்சிப் பக்கத்துக்காரர், கனமான மனிதர். "சண்டைக்குப் போகிற யந்திரம் கோயிலுக்குள் எதற்கு?" அம்மை அதைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினாள். அவர் பார்த்தார். கழுத்தில் தொங்கிய தன் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்துவிட்டார். படித்தவர், உலகம் தெரிந்தவர். அவரும் குருசைத்தான் பார்த்தார்.

திருநாள் கொடியேற்றத்தன்று அதைத் தொங்கவிட்டோம். கடல்பக்கத்துக் கதவைத் திறந்தால் காற்று நேரே வந்து விசிறியைச் சுற்றும். சம்மனசின் றெக்கைக்கும் அதன் றெக்கைக்கும் நடுவே கைப்பிடி அகலம்கூட இல்லை. ஜனங்கள் செபத்தை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்கள். அம்மையைப் போல ஒரு பெண் நடந்துபோனதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தரையில் கால் படாமல் நடந்தாள். கூரைக்கு ஓலை மாற்றினாள். நெல் குத்தும்போது பாடினாள். அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

திருநாளன்று காலைப் பூசைக்குப் பசராக்காரர் வந்தார். பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவரின் கை கழுத்திலேயே நின்றுவிட்டது.

"இது ஆரு செய்தது?"

"நான்தான். கொள்ளாமா?" என்றார் மாமன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் போல.

"லேய், இத எதுக்குலே இஞ்ச தூக்கிப் போட்டிருக்கிய? இது நம்ம ஆளுக்க கப்பல் இல்ல. வெள்ளக்காரனுக்கு வட்டம், வட்டத்துக்குள்ள வட்டம். இது எதிராளிக்கது. ஜெர்மன்காரனுக்கது."

"குருசு கெடக்கே?"

"அதுதாம்லே அவனுக்க அடையாளம்!"

அம்மை பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "ஜெர்மன்காரன் வேதக்காரன் இல்லியா?" என்று கேட்டாள். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவனும் வேதக்காரந்தான்."

"பெறவு?"

பசராக்காரர் வெளியே வந்து கொடிமரத்துப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முதுகு வளைந்துவிட்டது. வெற்றிலைப் பையை எடுக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவர் முன்னால் நின்றோம். சுற்றிலும் மிட்டாய்க் கடைகள், பீப்பிச் சத்தம், வளையல்காரனின் கூப்பாடு.

"நாங்க போயி எறங்கிக் கொஞ்ச நாளுதான் ஆவுது. எதிராளிக்க கப்பல ஒருத்தரும் கண்டது கெடையாது. அண்ணைக்கு ஞாயித்துக்கெழம. பூசையில்லாத ஊரு. அவன் கூடாரத்துக்கு வெளிய இருந்து றெக்கையத் தைச்சிட்டிருந்தான். இது வந்துது. எல்லாரும் குழிக்குள்ள சாடினோம். நான் அவன் கையப் பிடிச்சு இழுத்தேன். தாழ வந்துது பிள்ளே, அவ்வளவு தாழ. அடியில குருசு. அவன் அதக் கண்டான். ஊசியக் கீழ வச்சான். எழும்பி நிண்ணான். தலக்கெட்ட எடுத்தான். நெத்தியில குருசு வரைஞ்சான்." நிறுத்தினார். "அதுக்குப் பெறவு அந்த எடத்துல ஒண்ணும் இல்ல."

மாமன் மணலில் உட்கார்ந்துவிட்டார். அம்மை உட்காரவில்லை.

"நீரு கண்டீரா?"

"கண்டேன்."

"போன திருநாளுக்குக் கேட்டேன். தைச்சிட்டிருந்தாருண்ணு சொன்னீரு. அதுக்கு முந்தின திருநாளுக்கும் அதத்தான் சொன்னீரு. அப்பம் கள்ளம் பறஞ்சீரா, இப்பம் பறையுதீரா?"

"ஒனக்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல்ல. இந்தப் பிள்ள அப்பம் இத்துணூண்டு. ஒரு வருசம் போவட்டுண்ணு நெனச்சேன். பெறவு இன்னொரு வருசம்."

 "குருசக் கண்டா ஆருதான் எழும்பமாட்டாவ? அதுக்கு ஆரும் சாவமாட்டாவ," என்றாள் அம்மை. என் கையைப் பிடித்து மிட்டாய்க் கடைப் பக்கம் நடந்தாள். எனக்குச் சீனி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நான் அதைத் தின்னவும் செய்தேன்.

அந்த மனிதரை இப்போது நினைத்துக்கொள்கிறேன். வருடா வருடம் கொல்லத்திலிருந்து ஒரு பொய்யைச் சுமந்துவந்து எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனவர். இரக்கத்தில் செய்தார். அந்தப் பொய்யை வைத்து அம்மை வீடு கட்டிக் குடியேறிவிட்டாள். கடைசியில் அவர் உண்மையைக் கொண்டுவந்தபோது அவரே அவளுக்குப் பொய்யராகிவிட்டார். அடுத்த திருநாளுக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நான் அவரை நம்பினேன். பொய் சொல்கிறவர் அப்பாவை ஓடவைத்திருப்பார், அல்லது அழவைத்திருப்பார். ஊசியைக் கீழே வைத்தார் என்று சொல்லத் தோன்றியிருக்காது. பாய் தைக்கிறவர்கள் அப்படித்தான். யார் வந்து கூப்பிட்டாலும் முதலில் ஊசியைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எழும்புவார்கள்.

மாமன் மறுநாளே ஏணியோடு கோயிலுக்குப் போனார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அவிழ்க்க ஒமக்கு உரிமையில்லவே. போனவன்லா வந்து அவிழ்க்கணும்."

"போனவன் வரமாட்டான்வே! அவனக் கொன்னதே இதுதான்வே!"

"அப்பம் கெடக்கட்டு."

"அந்தக் குருசயாவது சொரண்டிட்டு எறங்குகேன்."

"மந்திரிச்ச குருசுல கத்தி வைக்க நான் விடுவேனா? நீருதான் வைப்பீரா?"

மாமன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். வைக்கமாட்டார். எங்கள் கரையில் யாரும் வைக்கமாட்டார்கள்.

அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சட்டியில் உண்டோம், ஒரே பாயில் படுத்தோம். ஒருத்தி வீட்டில் அப்பா உயிரோடு இருந்தார், இன்னொருத்தி வீட்டில் செத்துப்போயிருந்தார். அம்மை பழையபடி பாடினாள். நான் கேட்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள், "பாரு, எப்பிடிச் சுத்துது பாரு." என் கையால் போட்ட கறுப்புச் சிலுவை எனக்கு நேர்மேலே, தாழ, மிகத் தாழ நிற்கும்.

ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. கல்லறைத் தோட்டம் எங்கள் ஊரில் வெறும் மணல். கடல் திருப்பிக் கொடுக்காதவர்களுக்குத் தனியாகக் குழி கிடையாது. அவர்கள் எல்லோருக்குமாக ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதன் அடியில் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். காலையில் சாமியார் செத்தவர்களின் பெயர்களை வாசித்தார். நடுவில் அப்பாவின் பெயரும் வந்தது. மாமன் கொடுத்திருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே செத்துப் பழகிய பெயர்போல மற்றப் பெயர்களோடு போய்ச் சேர்ந்தது.

மாமன் என் கையில் ஒரு மெழுகுவர்த்தியைத் தந்தார். "கொளுத்து மக்கா. நீதானே அவனுக்கு ஒரே பிள்ள."

கல் சிலுவைக்கு அடியில் மணலைக் குவித்து நட்டேன். கடல்காற்று. மாமன் தன் மேல்துண்டை விரித்து மறைத்துக்கொண்டார். தீ பிடித்ததும் அது கோணிக்கொண்டு ஓர் ஓரமாய் எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு முதல்முறையாக அப்பா என்று ஒருவர் இருந்தார் என்று பட்டது.  அப்போது வெளுத்த முண்டின் கரை ஒன்று என் பக்கத்தில் மணலைத் தொட்டது.

அம்மை மின்னைக் கழற்றியிருக்கவில்லை.

"பேச்சு மாறமாட்டேன்னு சொன்னியே ஏட்டி," என்றார் மாமன். அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான்.

"நான் மாறல்ல. அவரு வழியில வந்திட்டிருக்காரு. வழியில வாறவருக்கு இஞ்ச என்ன வெளக்கு?"

குனிந்தாள். இரண்டு விரலை நாக்கில் நனைத்து, திரியைக் கிள்ளி அணைத்தாள். அந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கி மணலைத் தட்டிவிட்டு ஒரு கையிலும், என்னை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். மாமன் கூப்பிட்டார். திரும்பவில்லை.

கோயில் காலியாக இருந்தது. ஊர் முழுக்கக் கல்லறையில். மிக்கேல் சம்மனசின் காலடியில், உயிரோடிருப்பவர்களுக்காகக் கொளுத்தும் தட்டில், அதே மெழுகுவர்த்தியை வேறொரு தீயிலிருந்து பற்றவைத்து நிறுத்தினாள். முழங்கால் போட்டாள். என்னையும் போடவைத்தாள்.

"அப்பன் சீக்கிரம் வரணும்னு வேண்டு பிள்ளே. பிள்ளைங்க வேண்டுனா சம்மனசு கேப்பாரு."

கையைக் குவித்தேன். எனக்குத் தெரிந்த செபங்களில், மரித்தவர்களின் ஆத்துமா இளைப்பாறச் சொல்லும் செபம்தான் வாயில் வந்தது. அதைத்தான் சொன்னேன், சத்தமில்லாமல், முதலிலிருந்து கடைசிவரை. என் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் அம்மை. போதும் என்பதுபோல, நிறைந்து, தலையசைத்தாள்.